கொரியாவுக்குப் போன குரல்

இரண்டு முறை தோற்றுவிட்டு மூன்றாவது முறைக்குத் தயாராகிறவர்களுக்கு வீட்டில் மரியாதை கொஞ்சம் குறைந்துதான் போகும். தென்னாப்பிரிக்காவின் ம்டான்ட்சானேயில் தகரக் கூரை போட்ட அந்தச் சின்ன வீட்டில் சோலெகா கண்ணாடி முன்னால் நின்று ஆங்கிலம் பேசிப் பழகும்போதெல்லாம் அவளுடைய அக்கா லின்டெல்வா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்.

"அமெரிக்காவுலேருந்து விருந்தாளி வந்திருக்காப்ல இருக்கே! டீ போடட்டுமா?"

சோலெகா நாக்கை உள்பக்கமாக மடித்து, மூக்கால் காற்றை விட்டு, சினிமாவில் வரும் வெள்ளைக்காரப் பெண்ணைப்போல அதே வாக்கியத்தை மறுபடியும் சொல்லிப் பார்ப்பாள்.

அவளுக்கு இருபத்தொன்பது வயது. ஆங்கிலத்தில் பட்டம் வாங்கி, ஆசிரியப் பயிற்சியும் முடித்திருந்தாள். பிரசவ விடுப்பில் போன ஆசிரியைகளுக்குப் பதிலாகப் பள்ளிகளில் பாடம் நடத்தினாள். அவர்கள் குழந்தை பெற்றுத் திரும்பியதும் இவள் வெளியே வந்துவிட வேண்டும். நிரந்தர இடம் எங்கேயும் காலியாகவில்லை. கடைசியில் ஈஸ்ட் லண்டன் நகரத்தில் பொரித்த கோழிக் கடையின் கல்லாவில் போய் நின்றாள். பழைய மாணவர்கள் யாராவது வந்து, "மிஸ், சாஸ் இன்னொரு பாக்கெட் குடுங்க மிஸ்" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுப்பாள். அவர்கள் போனதும் கோழி அடுக்கியிருக்கும் குளிர் அறைக்குள் நுழைந்து, முகம் சரியாகும்வரை நின்றுவிட்டு வருவாள்.

கொரியாவுக்குப் போகும் யோசனையைக் கொடுத்தது கூடப் படித்த தோழி ஒருத்தி. அங்கே பள்ளி முடிந்து பிள்ளைகள் மாலையில் தனிப் பயிற்சிக் கூடங்களுக்குப் போவார்களாம். அங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பார்கள். ஒரு வருட ஒப்பந்தம், தங்க அறை, போக வர விமானச் சீட்டு. கேப் டவுனில் டெரெக் என்றொரு ஏஜென்ட் அதற்கு ஏற்பாடு செய்தான்.

முதல் நேர்காணலில், திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அவளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார். சொன்னாள். நன்றி என்றார். திரை அணைந்துவிட்டது. இரண்டாவதில் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்து முடிப்பதற்குள் அந்த ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

டெரெக் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "உங்க இங்கிலீஷ்ல ஒரு குறையும் இல்ல சோலெகா. ஆனா அவங்க எதிர்பார்க்கிற சத்தம் வேற. படத்துல வர்ற மாதிரி. கொஞ்சம் மாத்திக்கப் பாருங்களேன். இன்னும் ஒரே ஒரு கூடம்தான் பாக்கி. அதுவும் போச்சுன்னா அடுத்த வருஷம்தான்."

அதனால்தான் கண்ணாடி முன்னால் இந்தப் பாடு.

அம்மாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. அவளைத் தெருவில் எல்லோரும் மாட்லோமோ என்று பிறந்த குலத்தின் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடச் சமையல்கட்டில் பெரிய அண்டாக்களைக் கிளறிக் கிளறி இரண்டு பெண்களையும் ஆளாக்கியவள். அவள் கத்தவும் இல்லை, தடுக்கவும் இல்லை. பேச்சு வந்தால் ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வாள்.

"ஒரு வருஷம்னுதான் உங்கப்பாவும் சொன்னாரு."

அதற்குமேல் யாரும் வாயைத் திறக்க முடியாது. அப்பா கார்ல்டன்வில் தங்கச் சுரங்கத்துக்கு ஒரு வருட ஒப்பந்தத்தில்தான் போனார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தோளில் போர்வைக் கட்டோடு வந்து, அடுத்த ஒப்பந்தத்துக்குத் திரும்பிப் போனார். ஒரு கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. அங்கேயே இன்னொரு குடும்பம் இருப்பதாகச் சேதி மட்டும் வந்தது. அன்றைக்கும் அம்மா அழுததை யாரும் பார்க்கவில்லை. சுட்ட கறியைத் துண்டு போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

மூன்றாவது நேர்காணல் ஒரு வியாழக்கிழமை மதியத்துக்குக் குறித்திருந்தது. கொரியாவில் அப்போது இரவு தொடங்கியிருக்கும். சோலெகா கடையில் விடுப்பு சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டாள். சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றினாள். சாப்பாட்டு மேசைமேல் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் போனைச் சாய்த்து வைத்தாள். அன்றைக்கு மின்வெட்டு சாயங்காலம்தான் என்று போட்டிருந்தார்கள். ஆனால் அவள் நாற்காலியில் உட்கார்ந்ததும் குளிர்ப்பெட்டி ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது. தெருமுனை செல்போன் கோபுரத்தின் பேட்டரியைப் போன மாதம்தான் எவனோ திருடிக்கொண்டு போயிருந்தான். போனில் இருந்த கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

சோலெகா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். வாசலில் அக்கா புருஷன் வெலிலேயின் வேன் டாக்ஸி நின்றுகொண்டிருந்தது. வியாழக்கிழமை என்பது மன்யானோ நாள். சபையின் பெண்கள் எல்லாம் ஜெபக் கூட்டத்துக்குக் கிளம்புகிற நாள். சிவப்பு ரவிக்கை, வெள்ளைக் கழுத்துப்பட்டை, வெள்ளைத் தொப்பி, கறுப்புப் பாவாடை என்று வேன் முழுக்க அம்மாவின் கூட்டாளிகள். அம்மா முன் வரிசையில் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அத்தான்! சிக்னல் எங்க கிடைக்கும்?"

வெலிலே அவள் முகத்தைப் பார்த்தான். அதற்குமேல் கேட்கவில்லை. "ஆஸ்பத்திரி மேட்டுல. அங்க ஜெனரேட்டர் ஓடும். ஏறு."

"எடம் எங்கடா இருக்கு?" என்று பின்னாலிருந்து மாபெலே சத்தம் போட்டாள். அந்தத் தெருவிலேயே பெரிய உடம்பும் பெரிய வாயும் அவளுக்குத்தான். "என் மடியிலதான் உக்காரணும்."

சோலெகா உண்மையிலேயே அவள் மடியில்தான் உட்கார்ந்தாள்.

"அத்தை, ஊழியக்காரர் வீட்டம்மா அங்க காத்துட்டு இருப்பாங்க, ஜெபத்துக்கு நேரமாகும்..." என்று வெலிலே மாமியாரிடம் தலையைத் திருப்பாமல் மெதுவாகச் சொன்னான். மாமியார் முகத்தை நேராகப் பார்த்துப் பேசுவது அவன் வளர்ந்த முறை இல்லை.

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்: "ஆண்டவர் கொஞ்சம் காத்திருப்பாரு. ஓட்டு."

மேட்டின் உச்சியில் வேன் நின்றபோது போனில் கோடுகள் முளைத்தன. உடனே அழைப்பும் வந்துவிட்டது. இறங்கிப் போகக்கூட நேரமில்லை. வெளியே காற்று பிய்த்துக்கொண்டு போனது. அங்கே நின்று பேசினால் ஒரு வார்த்தையும் கேட்காது. சோலெகா ஓட்டுநர் பக்கத்து இருக்கைக்குத் தாவி, போனை வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே சாய்த்து வைத்துவிட்டு, பின்னால் திரும்பிக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சைகை காட்டினாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

திரையில் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி தெரிந்தாள். குட்டையாக வெட்டிய நரை முடி, சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. பயிற்சிக் கூடத்தின் தலைவி, பெயர் மின். அவளுக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மின் அம்மையார் ஒவ்வொரு ஆங்கில வார்த்தையையும் எடைபோட்டு எடுத்து வைப்பதுபோலப் பேசினாள்.

"வணக்கம். நீங்க இப்ப எங்கே இருக்கீங்க?"

"வணக்கம் மேடம். என்னோட ஆபீஸ்ல இருக்கேன்." வாரக்கணக்காகப் பழகிய குரலில், 'ர'வெல்லாம் உருள, மூக்கு வழியாக வந்தது பதில். சொன்ன பிறகுதான் அவளுக்கே திக்கென்றது. ஏன் ஆபீஸ் என்று வந்தது என்று தெரியவில்லை. அந்தக் குரலுக்கு ஆபீஸ்தான் பொருத்தமாக இருந்திருக்கும்.

பின்னால் மாபெலேயின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. "ஆபீஸாம்! ஏ வெலிலே, நீதான் மேனேஜராடா?"

"உங்களைப் பத்திச் சொல்லுங்க," என்றாள் மின்.

சோலெகா சொல்ல ஆரம்பித்தாள். மனப்பாடம் செய்த வாக்கியங்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. மின் அம்மையாரின் கை மேசைமேல் இருந்த பேனாவை உருட்டிக்கொண்டிருந்தது. அந்த உருட்டல் சோலெகாவுக்குப் பழக்கமானது. முதல் இரண்டு பேரும் கூட இப்படித்தான், கை வேறெங்கோ, கண் வேறெங்கோ.

அப்போது அம்மா தன் மொழியில், யாருக்கும் கேட்காத குரலில் பேசுவதாக நினைத்துக்கொண்டு கேட்டாள்:

"சோலெகா, உன் வாய்க்குள்ள இருந்து பேசுறாளே, அந்தப் பொண்ணு யாரு? எனக்கு அவளைத் தெரியாதே."

வேனுக்குள் எல்லோரும் அமைதியானார்கள். மாபெலேயைத் தவிர. அவளால் அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு வெடித்துக் கிளம்பியது. அவளுடைய வெள்ளைத் தொப்பி கழன்று பறந்து போனின் முன்னால் வந்து விழுந்தது. கூட ஒரு சிவப்பு ரவிக்கைக் கையும் திரைக்குள் நீண்டு அதைத் துழாவியது.

சோலெகாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. திரும்பித் தன் மொழியில் பொரிந்து தள்ளினாள். "சும்மா இருங்க மாபெலே! ஆரம்பிக்காதீங்க! என் பொழப்பு போகுது இங்க!" அவர்கள் மொழியில் 'சும்மா இரு' என்றாலும் 'ஆரம்பிக்காதே' என்றாலும் நடுவில் நாக்கு மேலண்ணத்திலிருந்து 'டொக்'கென்று தெறிக்கும். சோலெகாவுக்குக் கோபம் வந்தால் அது கதவு அறைவதுபோல் தெறிக்கும்.

திரும்பிப் பார்த்தபோது மின் அம்மையார் பேனாவைக் கீழே வைத்திருந்தாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகில் வந்தாள்.

"போன்ல 'டொக்'னு ஒரு சத்தம் கேட்டுச்சு. உடைஞ்சு போச்சா?"

இனி இழப்பதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றியது சோலெகாவுக்கு. பழகிய குரலை அப்படியே கழற்றிப் போட்டாள். ம்டான்ட்சானேயில் பிறந்து, வகுப்பறைகளில் முதிர்ந்த தன் சொந்த ஆங்கிலத்தில் பேசினாள்.

"இல்ல மேடம். அது எங்க மொழி. நான் ஆபீஸ்ல இல்ல. எங்க ஏரியாவுல கரன்ட் போயிருச்சு. சிக்னலுக்காக ஒரு மேட்டு மேல, எங்க அத்தானோட வேன்ல உக்காந்திருக்கேன். பின்னால இருக்கிறவங்க எங்க அம்மாவும் சர்ச்சுப் பொம்பளைங்களும். மன்னிச்சிருங்க."

"அப்போ முதல்ல பேசினது?"

"அதுவும் நான்தான். ஆனா நான் இல்ல."

மின் அம்மையார் சிரிக்கவில்லை, திரையை அணைக்கவும் இல்லை. பின்னால் இருந்த கண்ணாடிச் சுவரைக் காட்டினாள்.

"எங்க பிள்ளைங்களுக்கு இலக்கணம் நல்லாத் தெரியும். பரீச்சையில நல்ல மார்க் வாங்குவாங்க. ஆனா வாயைத் திறக்க மாட்டாங்க. தப்பாச் சொன்னா சிரிப்பாங்களோன்னு பயம். ஒவ்வொரு வருஷமும் ஒரு டீச்சர் வர்றாங்க. அழகாப் பேசுறாங்க. பிள்ளைங்க அழகாக் கேட்டுக்கிறாங்க. வாய் மட்டும் திறக்கல. நீங்க வந்தா என்ன செய்வீங்க?"

இந்தக் கேள்விக்கும் மனப்பாடப் பதில் இருந்தது. விளையாட்டு, பாட்டு, படம் போட்ட அட்டை. சோலெகா அதை எடுக்கவில்லை.

"மேடம், இப்ப கேட்டீங்களே அந்தச் சத்தம், அதை ஒரு தடவை சொல்லிப் பாருங்க."

"நானா?"

"நீங்கதான். 'இகாண்டா.' முட்டைன்னு அர்த்தம். அந்தக் 'கா' வர்ற எடத்துல நாக்கு தெறிக்கணும். கேளுங்க." சொல்லிக் காட்டினாள். சோடா மூடி திறந்த மாதிரி 'டொக்'கென்று விழுந்தது.

மின் அம்மையார் முயன்றாள். வெறும் 'கா'தான் வந்தது. மறுபடி முயன்றாள். இருமல் வந்தது. மூன்றாம் முறை முகம் சிவந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள். "வராது. எனக்கு வயசாயிருச்சு."

"கையை எடுங்க மேடம்," என்றாள் சோலெகா. வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளையிடம் பேசும் குரல் அது, அதட்டலும் சிரிப்பும் பாதிப் பாதி. "இப்ப முட்டையை மறந்துருங்க. சின்னப் பிள்ளையில குதிரை விளையாட்டு விளையாடியிருப்பீங்கல்ல? குதிரை நடக்கிற சத்தத்தை வாயால எப்படிப் போடுவீங்க?"

மின் அம்மையார் அறைக் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இழுத்தாள். டொக், டொக், டொக்.

"இதேதான்!" சோலெகா இருக்கையிலேயே துள்ளினாள். "நாங்க பேசுற சத்தத்தை நீங்க ஏற்கனவே வாய்க்குள்ள வச்சிருக்கீங்க! விடாதீங்க, குதிரை ஓடட்டும்." பின்னால் திரும்பினாள். "எல்லாரும் போடுங்க! குதிரை!"

அதற்காகவே காத்திருந்ததுபோல் வேன் முழுக்க நாக்குகள் தெறித்தன. வெள்ளைத் தொப்பிகள் ஆட, சிவப்பு ரவிக்கைத் தோள்கள் ஏறி இறங்க, ஒரு குதிரைப் படையே மேட்டிலிருந்து இறங்குவதுபோல் இருந்தது. மாபெலே கடிவாளம் பிடித்தாள்.

"இப்ப அந்தக் குளம்படிக்குப் பின்னாலேயே ஒரு 'ஆ'வை ஒட்டுங்க. இடைவெளி விடாதீங்க. டொக்-ஆ. டொக்-ஆ."

"டொக்... ஆ."

"கிட்ட. இன்னும் கிட்ட."

"டொக்ஆ. டொக்கா." மின் அம்மையார் கண்களை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. பிறகு, தெளிவாக, எந்த ம்டான்ட்சானே குழந்தையும் குறை சொல்ல முடியாதபடி வந்து விழுந்தது: "இகாண்டா!"

வேன் ஆடியது. பெண்கள் இருக்கைகளைத் தட்டினார்கள். மின் அம்மையார் கண்ணைத் திறந்தாள். அது வேறு முகம். முப்பது வயது குறைந்திருந்தது. அவள் சட்டென்று எழுந்து போய்க் கதவைத் திறந்து ஏதோ கூப்பிட்டாள். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். தலைவி நாக்கைத் தெறிக்கவிட்டுக் காட்டியதும் முதலில் திகைத்தார்கள். பிறகு ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். சிலருக்கு உடனே வந்தது. வராதவர்கள் வந்தவர்களின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள். சோலெகா ஒவ்வொருவராகத் திரைக்கு முன்னால் அழைத்தாள். "நீல ஸ்வெட்டர், நீங்க வாங்க. பல்லு தெரியணும். சபாஷ்! அடுத்து?" அவர்களுக்கு முட்டையைக் கற்றுக்கொடுத்ததும், அவர்கள் மொழியில் முட்டைக்கு என்ன பேர் என்று ஆங்கிலத்தில் சொல்லித்தரச் சொன்னாள். சோலெகா அந்தக் கொரியச் சொல்லைத் தப்பாகச் சொன்னாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு பெண் குழந்தை பொறுக்கமாட்டாமல் ஆங்கிலத்தில், "இல்ல டீச்சர், வாயை இன்னும் பெரிசாத் திறக்கணும்!" என்று திருத்தினாள்.

மின் அம்மையார் அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இதற்கு நடுவில் வெலிலேயின் போன் அடித்தது. ஊழியக்காரரின் மனைவி. "எங்கப்பா இருக்கீங்க?"

"கொரியாவுல அம்மா," என்றான் வெலிலே பவ்யமாக. "இதோ திரும்பிருவோம்."

பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு மின் அம்மையார் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. "என் முடிவை ஏஜென்ட் மூலமா சொல்றதுதான் வழக்கம். இன்னிக்கு நானே சொல்றேன். மார்ச் மாசம் பள்ளி தொடங்குது. வந்துருங்க."

சோலெகா நன்றி என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் தோளை ஒரு கை ஒதுக்கியது. அம்மா எழுந்து முன்னால் வந்திருந்தாள். வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, போனுக்கு நேராகக் குனிந்து, சர்ச்சில் கற்ற ஆங்கிலத்தில் பேசினாள்.

"நான் அம்மா. இவ என் பொண்ணு. ஒரு வருஷம். அப்புறம் நீ திருப்பி அனுப்பணும்."

"அம்மா!" என்று சோலெகா வெட்கத்தில் குறுகினாள்.

மின் அம்மையார் எழுந்து நின்றாள். இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி, தலை மேசையைத் தொடும்வரை குனிந்து வணங்கினாள். "அம்மா, ஒரு வருஷம். சத்தியம். எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. தூரத்துல இருக்கா." பிறகு கேட்டாள்: "உங்க பொண்ணு என்ன சாப்பிடுவா?"

அம்மா இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "எல்லாம் சாப்பிடுவா. பூசணிக்காய் மட்டும் குடுக்காதே," என்றாள்.

ஜெபக் கூட்டத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பாதிப் பாட்டு முடிந்திருந்தது. யாரும் திட்டவில்லை. திட்டுவதற்குள் மாபெலே கதையைச் சொல்லி முடித்துவிட்டாள். மாலைக்குள் ம்டான்ட்சானே முழுக்கச் சொல்லிவிட்டாள். அவள் கதையில் கொரியாவின் மகாராணியே நாக்கைத் தெறிக்கவிட்டிருந்தாள்.

மறுநாள் டெரெக் கூப்பிட்டான். "என்ன சோலெகா செஞ்சீங்க? அந்தம்மா போன் பண்ணி, 'அந்த நாக்குப் பொண்ணு வேணும், வேற யாரையும் காட்டாதீங்க'ன்னு வச்சிட்டாங்க. அது என்ன சத்தம்? எனக்கும் சொல்லிக் குடுங்களேன்."

"அதுக்கு நீங்க எங்க வேன்ல ஏறணும்," என்றாள் சோலெகா.

அதன்பின் அலைச்சல்தான். போலீஸ் சான்றுக்குக் கைரேகை வைக்க வரிசையில் நின்றாள், டாக்டரிடம் நெஞ்சைக் காட்டினாள், விசாவுக்குக் காத்திருந்தாள். கொளுத்துகிற வெயிலில் பழைய துணிச் சந்தையில் பனிக்காலக் கோட்டைப் போட்டுப் பார்த்தபோது வேர்வை ஊற்றியது, கடைக்காரி, "யாரைப் புதைக்கப் போற இதுக்குள்ள?" என்று கேட்டாள். கோழிக் கடையில் கடைசி நாள் பழைய மாணவர்கள் கூட்டமாக வந்து கல்லாவை மறித்துக்கொண்டு, "மிஸ், எங்களுக்கு ஒரு பாடம் நடத்திட்டுப் போங்க மிஸ்," என்று அடம்பிடித்தார்கள். மேனேஜர் முறைக்க முறைக்க அவள் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்று நடத்திவிட்டுத்தான் போனாள். அன்று அவள் குளிர் அறைப் பக்கமே போகவில்லை.

புறப்படுவதற்கு முந்தைய சனிக்கிழமை அப்பாவின் அண்ணன் கிராமத்திலிருந்து வந்தார். ஆடு அறுத்தார்கள். அவர் சோளக் கள்ளைத் தரையில் ஊற்றி முன்னோர்களிடம் பேசினார்: "ராடேபே வீட்டுப் பொண்ணு கடல் தாண்டிப் போறா. நீங்க அங்க போனதில்ல, நாங்களும் போனதில்ல. அவதான் முன்னால போறா. நீங்க பின்னாலயே போங்க." தட்டேந்தி வந்த மாபெலே சோலெகாவை, "எடுத்துக்க மாராடேபே," என்று பெரிய பெண்களுக்குத் தரும் மரியாதையோடு அவள் குலப் பெயரால் கூப்பிட்டாள். அதுவரை 'ஏ பொண்ணு'தான். சோலெகா கறியை வாயில் வைக்க மறந்து நின்றாள்.

மறுநாள் காலையில் சோலெகா மூடி வைத்திருந்த பெட்டியை அம்மா திறந்து, எல்லாவற்றையும் கட்டில்மேல் கொட்டினாள்.

"என்னம்மா பண்றீங்க? முந்தாநேத்தெல்லாம் உக்காந்து அடுக்கினேன்."

"ஒனக்கு அடுக்கத் தெரியல. கனமானது அடியில போகணும்." அம்மா ஒவ்வொன்றாக மடித்து வைக்க ஆரம்பித்தாள். மன்யானோ பெண்கள் பின்னிக் கொடுத்த கம்பளித் தொப்பி, மாபெலே கொடுத்த தடிப் போர்வை. "உங்கப்பாவுக்கு வருஷா வருஷம் நான்தான் பெட்டி கட்டினேன்."

அந்த ஒரு வாக்கியத்துக்குமேல் அம்மா அப்பாவைப் பற்றிப் பேசி சோலெகா கேட்டதில்லை.

"ஒரு தடவைகூட சந்தோஷமாக் கட்டல. இன்னிக்குக் கட்டுறேன்."

"ஏன்மா?"

அம்மா போர்வையை அமுக்கி இடம் பண்ணினாள். "அவரைப் பசி இழுத்துட்டுப் போச்சு. அங்க அவரை யாருக்கும் தெரியாது, பேரு தெரியாது, நம்பர்தான். ஒன்னை அப்படியா? அந்தம்மா எந்திரிச்சு நின்னு, என்கிட்ட குனிஞ்சு கேட்டு வாங்கிட்டுப் போறா." பெட்டி மூடியின்மேல் ஏறி உட்கார்ந்தாள். "இழு ஜிப்பை. பாத்துட்டே நிக்காத."

விமான நிலையத்துக்கு வெலிலேயின் வேன் நிறைந்து வந்தது. வியாழக்கிழமை இல்லாத நாளில் சீருடை போடுவது வழக்கமில்லை. ஆனாலும் அன்று எல்லோரும் போட்டிருந்தார்கள். ஊழியக்காரரின் மனைவியே முன்வரிசையில் நின்று பாட்டை எடுத்துக் கொடுத்தாள். பெண்கள் இடமும் வலமும் அசைந்து பாடியபோது பெட்டி தள்ளிக்கொண்டு போன வெள்ளைக்காரர்களும் நின்றார்கள். லின்டெல்வா தங்கையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இனிமே நான் யாரைடி கிண்டல் பண்றது?" என்று விசும்பினாள். மாபெலே ஊரே கேட்க அழுதாள்.

"என்னத்துக்கு அழறீங்க எல்லாரும்?" என்று அம்மா அதட்டினாள். "செத்தா போயிட்டா? டீச்சர் வேலைக்குப் போறா!"

சோலெகா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மாவிடம் துவைத்த சட்டைக் கஞ்சியின் மணம் அடித்தது. பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவுகளை நோக்கி நடந்தாள். வாசலில் நின்ற அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, பின்னால் நின்ற சிவப்புக் கூட்டத்தைப் பார்த்து, "இத்தனை பேரும் உங்களுக்காகவா வந்திருக்காங்க?" என்று கேட்டார்.

"ஆமா, எல்லாரும் எனக்காகத்தான்," என்றாள் சோலெகா.

அவள் உள்ளே காலெடுத்து வைத்தபோது பின்னாலிருந்து ஒரு குலவை எழுந்தது. மெல்லியதாகத் தொடங்கி, நாக்கு உதறலில் உயர்ந்து, கூரையைத் தொட்டுக் கூடம் முழுக்கச் சுழன்றது. லின்டெல்வாவின் கல்யாணத்தில்கூட அம்மா வாய் திறந்து குலவையிட்டதில்லை. சோலெகா திரும்பினாள். பெண்கள் எல்லோரும் பாட்டை நிறுத்திவிட்டு விலகி வட்டமாக நின்றார்கள். நடுவில் அவளுடைய அம்மா, கைகளை அகல விரித்து, தொப்பி ஒரு பக்கம் சாய, தரை அதிர ஆடிக்கொண்டிருந்தாள்.